பாயோடு ஒட்டவைக்கும் ஊர்

மட்டக்களப்பைப் பற்றி யாழ்ப்பாணத்தாரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பேச்சு ஒன்று உண்டு. அவ்வூருக்குச் செல்பவனை அவ்வூரார் மந்திரம் செய்து பாயோடு ஒட்டவைத்துவிடுவார்களாம். பின்னர் அவன் எழுந்து ஊர் திரும்பமாட்டானாம். வாணிகம் செய்யச் சென்றவரும், உத்தியோகம் பார்க்கச் சென்றவரும் அங்கேயே பெண் கொண்டு நிலைத்துவிட்ட கதைகள் பல இருந்தமையால், பழியை மந்திரத்தின்மீது போட்டு வடக்கிலுள்ள தாய்மார் மனம் ஆறினர் போலும்.

2003ஆம் ஆண்டு ஆசிரிய நியமனம் பெற்று நாம் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டபோது, எம் அன்னையாரும் பஸ் நிலையத்தில் நின்று, "தம்பி, அங்கை ஆரும் பாய் விரிச்சு இருக்கச் சொன்னா இருந்திடாதை" என்று சொல்லியே விடை தந்தார். நாம் இருந்துவிட்டோம். மூன்றாண்டுகளில் கல்லடியிலே திருமணமும் நிறைவேறியது. மந்திரம் ஒன்றும் இல்லை, மக்களின் அன்பே எம்மை நிறுத்தியது என்று அன்னையாருக்கு விளக்கிப் பார்த்தோம். அவர் நம்பினாரல்லர்.

இப்பொழுது நாமே பிறருக்குப் பாய் விரிக்கும் தொழிலில் இறங்கியிருக்கின்றோம். கல்லடியிலுள்ள எம் மனைவியாரின் குடும்ப வீட்டை, விடுமுறைக்கு வருவோர் தங்குமாறு ஒழுங்குசெய்து நாள் வாடகைக்கு விட்டுவருகின்றோம். அவ்வீட்டுக்கு வேண்டிய பொருள்களைத் தேடிச் சேர்த்த கதையையும், அதில் முதலில் நாம் செய்த பிழையையும் ஈண்டுக் கூறப்புகுகின்றோம்.

வாவியும் இரு கரைகளும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. கடலுக்கு இணையாக, அகலம் குறைந்து, வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் அது கடலோடு கலக்கும் முகத்துவாரங்கள் உள்ளன. வறட்சிக் காலத்தில் மணல் அவற்றை அடைத்துவிடும். மாரி வெள்ளம் பெருகும்போது அவை மீண்டும் திறக்கும். வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் மந்தையும் நிறைந்த நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டே தம் நாட்டை இருகூறாக்கிப் பெயரிட்டனர் இங்குள்ள முன்னோர். படுவான்கரையிலிருந்து நெல்லும் எருமைத் தயிரும் வரும்; எழுவான்கரையிலிருந்து மீனும் துணியும் போகும். மண்முனையிலே 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை, இப்போக்குவரத்தில் ஒரு பகுதி 'பாதை' என்று இங்கு வழங்கும் மிதவையிலேயே நடந்தது.

கல்லடி, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பட்டி. அங்கிருந்து நகருக்குச் செல்லும் வழியில் 1924ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலமும், அதனருகே 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் நிற்கின்றன. அப்பால், புளியந்தீவில், போர்த்துக்கேயர் அமைத்து 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை இருக்கின்றது. யாழ் நூல் தந்த சுவாமி விபுலாநந்தர் உருவாக்கிய சிவானந்த வித்தியாலயமும், அப்பெரியாரின் சமாதியும் கல்லடியிலேயே உள்ளன.

எம் வீடு வாவிப் பக்கம். அறைகள் இரண்டு, மண்டபம் ஒன்று, நீரை நோக்கிய விறாந்தை ஒன்று, வளவின் மூலையில் கிணறு ஒன்று. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, சுவர்கள் நின்றன. உள்ளிருந்த பொருள்கள் நின்றில. பாரமான பலாமரக் கதிரை ஒன்றும் பழைய பெட்டகம் ஒன்றுமே எஞ்சின என்று மாமி சொல்வார்.

யாருடைய வீடு?

மட்டக்களப்பு வழமையில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குத் திருமணம் நிகழும்போது பெற்றோர் தாம் வாழும் வீட்டையே அவளுக்குக் கொடுத்துவிட்டு, வளவின் ஒரு புறத்தில் சிறிய வீடு கட்டி ஒதுங்குவதும் உண்டு. தாயிடமிருந்து மகளுக்கும், அம்மகளிடமிருந்து அவள் மகளுக்கும் வீடு செல்லும். இந்த வீடும் எம் மனைவியாரின் தமக்கையாருக்குச் சீதனமாகக் கொடுக்கப்பட்டது. போர்க்காலத்தில் அவர் கணவரோடு கனடாவுக்குச் சென்றார். மாமி மட்டும் விளக்கேற்றிக்கொண்டு அங்கே வாழ்ந்தார். மாமியும் மறைந்தபின் வீடு பூட்டப்பட்டது.

மனிதர் இல்லாத வீடு விரைவில் கெடும். ஈராண்டுக்குள் ஓடு விலகிற்று. கறையான் நிலைகளில் ஏறிற்று. விலை பேசவும் ஆட்கள் வந்தனர். தமக்கையார் தொலைபேசியில், "வித்தாலும் சரி, வைத்திருந்தாலும் சரி" என்று கூறிவிட்டார். எம் மனைவியார் மட்டும் இணங்கவில்லை. "இது அக்காவுக்குப் பிறகு அவவுட மகளுக்குரிய வீடு. அந்தப் பிள்ளை ஒருக்கா வந்து பார்க்கட்டும். அதுவரைக்கும் விற்க விடமாட்டேன்" என்றார். ஆனால் ஓடு மாற்றவும் கறையான் மருந்து அடிக்கவும் பணம் வேண்டும். ஆசிரியர் சம்பளத்தில் இரண்டு வீடுகளைத் தாங்குதல் இயலாது. வீடு தன் செலவைத் தானே தேடிக்கொள்ளட்டும் என்ற எண்ணத்தால்தான் விருந்தினரை ஏற்கத் துணிந்தோம்.

மடம், வாடிவீடு, வாடகை வீடு

வழிப்போக்கருக்கு இடம் கொடுத்தல் இந்நாட்டுக்குப் புதிதன்று. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் வடக்கிலிருந்து இக்கரை வழியாகவே சென்று, மாமாங்கம், திருக்கோவில், உகந்தை முதலிய தலங்களில் தங்குவர். மடம் அவர்களுக்குக் கூரையும் கிணறும் படுக்க இடமும் கொடுத்தது. பின்னர் அந்நியர் ஆட்சியில், வீதிகள் தோறும் உத்தியோகத்தருக்கென வாடிவீடுகள் எழுந்தன. அங்கே கட்டிலும், நுளம்பு வலையும், சாய்மனைக் கதிரையும் இருந்தன.

இன்றைய வாடகை வீட்டின் கதையும் படுக்கையிலேதான் தொடங்குகின்றது. 2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், வாடகை கொடுக்க வழியின்றி இருந்த இளைஞர் இருவர், மாநாடு ஒன்றுக்கு வந்தோர் தங்க இடமின்றித் தவிப்பதைக் கண்டு, காற்றடைத்த மெத்தைகள் மூன்றைத் தம் வீட்டில் விரித்து, காலையுணவும் கொடுத்துக் காசு பெற்றனர். அதுவே ஏர்பிஎன்பி என்னும் உலகளாவிய நிறுவனமாக வளர்ந்தது. இலங்கையிலும் இத்தகைய வீடுகளைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை பதிவுசெய்து வருகின்றது. இத்தொழிலில் இறங்குவோர் பதிவை முதலில் முடித்துக்கொள்வது நன்று.

எம் முதற் பிழை

நாம் செய்த முதற் காரியம் நகரத்துக் கடையொன்றில் பளபளப்பான பொருள்களை வாங்கியது. மரத்தூளை அழுத்திச் செய்த அலுமாரி, இரும்புக் குழாய்க் கட்டில்கள், தடித்த பஞ்சணை மெத்தைகள், கண்ணாடி மேசை, பிளாஸ்டிக் பூக்கள், சுவருக்கு ஐரோப்பிய மலைக்காட்சி ஒன்று. படத்தில் பார்க்கும் விடுதி அறைபோல் வீடு ஆகிவிட்டதென்று மகிழ்ந்தோம்.

அவ்வாண்டு மாரிகாலமே எமக்குப் பாடம் கற்பித்தது. இப்பகுதியில் பெருமழை ஐப்பசி முதல் தை வரையில் வாடைக்காற்றோடு பொழியும். ஈரம் பட்டதும் அலுமாரியின் அடிப்பாகம் ஊதிப் பிளந்தது. உப்புக் காற்றில் கட்டிலின் கால்கள் துருப்பிடித்தன. மெத்தையில் பூஞ்சணம் பிடித்தது. அதைத் தூக்கி வெயிலில் போட இருவர் வேண்டியிருந்தது.

ஆனால் பொருட்சேதத்திலும் பெரிதாக எம்மைச் சுட்டது வேறொன்று. அடுத்த வைகாசியில், கண்டியிலிருந்து சிங்கள முதியவர் ஒருவரும் அவர் மனைவியாரும் வந்து தங்கினர். கச்சான் காற்று அனலாய் வீசும் பருவம். இரவு மின்சாரம் நின்றுவிட்டது. பஞ்சணை மெத்தையின் வெக்கை தாங்காமல் அவர்கள் விறாந்தைக்கு வந்து, எம்மை அழைத்து, "ஒரு பாய் இருந்தால் தாருங்கள், இங்கேயே படுத்துக்கொள்கின்றோம்" என்று கேட்டனர். வீட்டில் பாய் இல்லை! எட்டு நாற்காலியும் மூன்று பூச்சாடியும் இருந்த வீட்டில் ஒரு பாய் இல்லை. அயல்வீட்டு அம்மையாரின் கதவைத் தட்டி இரண்டு பாய் இரவல் வாங்கினோம். அவர் பாயைத் தந்துகொண்டே, "பாயில்லாத வீடும் ஒரு வீடா, மனே?" என்றார்.

பாயோடு ஒட்டவைப்பதற்குப் பெயர்பெற்ற ஊரிலே, பாயில்லாத விருந்தினர் வீடு நடத்திய பெருமை எம்மையே சாரும்.

இரண்டாம் முறை

மறுவாரமே மீண்டும் தொடங்கினோம். இம்முறை கடைக்குப் போகுமுன், வாவியைச் சுற்றியுள்ள ஊர்களில் எவை செய்யப்படுகின்றன என்று பட்டியல் எழுதினோம்.

முதலிடம் பாய்க்கே. நீர்நிலைகளின் ஓரத்தே வளரும் பன் என்னும் புல்லை அறுத்து, வெயிலில் உலர்த்தி, சாயம் காய்ச்சித் தோய்த்துப் பெண்கள் பாய் பின்னுகின்றனர். அது வெக்கையை ஏற்றாது. ஒரு கையால் சுருட்டலாம். காலை வெயில் ஒரு நாழிகை பட்டால் காய்ந்துவிடும். ஆளுக்கொன்றாக ஆறு பாய்களும், உபரியாக இரண்டும் வாங்கினோம்.

கட்டில் வேண்டுவோர்க்குக் கட்டிலும் உண்டு. முதியோருக்கும் முழங்கால் நோயுள்ளோருக்கும் தரைப்படுக்கை ஏற்றதன்று. பழைய மரக் கட்டில்களை வாங்கிச் செப்பனிட்டு, இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் இட்டோம். இலவம்பஞ்சுக்கு வெயிலே மருந்து. மாதமிருமுறை வெயிலில் போட்டுத் தட்டினால் நெடுநாள் உழைக்கும். விரிப்புகளும் துவாய்களும் கல்முனைக்கு அருகிலுள்ள மருதமுனையின் கைத்தறியிற் பெற்றோம். மருதமுனை நெசவாளர் ஊராகப் புகழ்பெற்றது. ஒரு கட்டிலுக்கு மூன்று விரிப்புகள் என்பது கணக்கு: ஒன்று கட்டிலில், ஒன்று கொடியில், ஒன்று அலுமாரியில். மாரியில் துணி காய மூன்று நாள் செல்லும் என்பதை மறத்தலாகாது.

கதிரை, மேசை, அலுமாரி ஆகியவற்றுக்கு ஒரு பறங்கித் தச்சரை நாடினோம். இங்கே ஒன்று சொல்லவேண்டும். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சாவி, குசினி, விறாந்தை என்று நாம் வீட்டில் நாளும் வழங்கும் சொற்கள் யாவும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. அச்சொற்களைக் கொண்டுவந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய பறங்கியர் இன்றும் மட்டக்களப்பில் வாழ்கின்றனர். போர்த்துக்கேயம் கலந்த தம் மொழியை வீட்டில் பேசும் முதியோர் இன்னும் உளர். தச்சும் கொல்லும் அவர்களுள் பலருக்குப் பரம்பரைத் தொழில். அத்தச்சர் எம் மாமியின் பலாமரக் கதிரையைத் தட்டிப் பார்த்து, "இது கடலையும் பார்த்த கதிரை. இதற்கு ஒன்றும் ஆகாது" என்று கூறி, அதே அளவில் மேலும் மூன்று செய்து தந்தார். ஆணிகள் பித்தளை, கீல்களும் பித்தளை. விலை சிறிது கூடுதல்தான். உப்புக் காற்று அவற்றை இன்றுவரை தொடவில்லை.

நீர், நுளம்பு, அடுக்களை

பொருள்களினும் முதன்மையானது நீர். இருபுறமும் உப்புநீர் சூழ்ந்த மணற்பட்டியில் நன்னீர்க் கிணறு எவ்வாறு அமைகின்றதென்று மாணவர் வினவலாம். மழைநீர் மணலுள் இறங்கி, தன்னினும் கனமான உப்புநீரின் மேலே ஒரு படலமாக மிதக்கின்றது. கிணற்றில் நாம் காண்பது அப்படலமே. மோட்டார் வைத்து ஓயாது இறைத்தால் மேலுள்ள நன்னீர் குறைந்து, கீழுள்ள உப்புநீர் மேலெழும். ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரைக் கிணறுகள் உவர்ப்பாகியபோது, விரைந்து இறைத்தவர்களின் கிணறுகள் தேறவில்லை. மழைக்குப் பொறுத்திருந்தவர்களின் கிணறுகள் தேறின என்று ஊரார் கூறுவர். ஆதலின் சிறிய தொட்டி ஒன்றை வைத்து, காலையும் மாலையும் சிறிது சிறிதாக இறைக்கின்றோம். கிணற்றடியில் வாளியும் கயிறும் வைத்திருக்கின்றோம். நகரத்துப் பிள்ளைகள் அங்கே குளிப்பதையே பெரும் விளையாட்டாகக் கொள்கின்றனர். குடிநீருக்கு வடிகட்டியும் மண்பானையும் உண்டு.

நுளம்பு வலை ஒவ்வொரு படுக்கைக்கும் வேண்டும், பாய்க்கும் வேண்டும். டெங்குவைப் பரப்பும் நுளம்பு பகலிலே கடிப்பது. ஆகையால் யன்னல்களுக்கும் கம்பிவலை அடித்தோம். அந்நுளம்பு தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுவதால், பூச்சாடிகளை அகற்றினோம். பழைய வீடுகளில் வட்ட முனைச் செருகிகளும் புதியவற்றில் சதுர முனைச் செருகிகளும் இருப்பதால், இரண்டுக்கும் பொருந்தும் இணைப்பிகளை மேசை இழுப்பறையில் வைத்தோம். மின்சாரம் நின்றால் எடுக்க அரிக்கன் விளக்கும், மின்கல விளக்கும் கைக்கெட்டும் இடத்தில் உள்ளன.

குசினியில் எரிவாயு அடுப்பு ஒன்று, மண்சட்டிகள், திருவலை, அம்மி, இடியப்ப உரல், சிரட்டை அகப்பை. சமைக்க விரும்புவோர் சமைக்கலாம். விரும்பாதோர்க்கு, அன்றிரவு பாய் தந்த அயல்வீட்டு அம்மையாரே பிட்டும், நண்டுக் கறியும், சட்டித் தயிரும் தருகின்றார். வீட்டைத் துப்புரவு செய்வதும் அவரே. வாடகையில் அவருக்குரிய பங்கை முதலில் எடுத்துவைத்த பின்னரே மற்றைச் செலவுகளைப் பார்ப்பது எம் வழக்கம். எத்துணைப் பொருள் இருப்பினும், வாயிலில் வந்து "வாங்க" என்று சொல்ல ஓர் ஆள் இல்லையேல் அது பண்டசாலையே.

சுவரிலிருந்த ஐரோப்பிய மலையை இறக்கிவிட்டு, அவ்விடத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் எழுதிய தாள் ஒன்றைச் சட்டமிட்டு மாட்டினோம். வைத்தியசாலைக்கு வழி, அவசர நோயாளர் வண்டிக்கு 1990, பொலிசாருக்கு 119, வாவியில் முதலை உண்டு எனவே இறங்கிக் குளிக்கலாகாது, மாரியில் கடலிலும் இறங்கலாகாது என்பன அதிலுள்ளவை. அழகிய படத்தைவிட அத்தாளையே வருவோர் நின்று படிக்கின்றனர்.

வீட்டுக்குரியவள் வந்தாள்

சென்ற ஆடி மாதம், தமக்கையாரின் மகள் கனடாவிலிருந்து வந்தாள். வயது இருபத்து மூன்று. பிறந்ததும் வளர்ந்ததும் அந்நாட்டில். வீட்டைப் பார்த்து முடிவு சொல்வதற்கே அவள் வந்தாள் என்பது எல்லோரும் அறிந்ததாயினும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எம் மனைவியார் முதல் நாள் முழுவதும் கைகளைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அன்று பூரணை. கல்லடிப் பாலத்தருகே பாடும் மீனின் ஒலி கேட்பதென்றால் அத்தகைய இரவே வேண்டும். இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த சேர் எமர்சன் தெனன்ற், 1848ஆம் ஆண்டு இவ்வொலியைத் தோணியிலிருந்து கேட்டு, பின்னர் தம் நூலில் விரிவாக எழுதியிருக்கின்றார். பாடுவது மீனன்று, ஊரி என்னும் சிப்பியினமே என்று மீனவர் தமக்குக் கூறியதாகவும் அவர் குறித்தார். எம் மருகியைத் தோணியில் அழைத்துச் சென்றோம். தோணிக்காரர் துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி, மறுமுனையில் அவள் காதை வைக்கச் சொன்னார். நெடுநேரம் குனிந்திருந்தாள். கேட்டதா என்று நாம் வினவவில்லை, அவளும் சொல்லவில்லை.

வீடு திரும்பியபோது அவளுக்கெனக் கட்டிலில் புதிய விரிப்பு இட்டிருந்தது. அவள் விறாந்தையில் மாமியின் கதிரையைத் தடவிப் பார்த்தாள். பின்னர், "சிற்றப்பா, அம்மம்மா எங்க படுப்பாங்க?" என்று கேட்டாள்.

"இந்த விறாந்தையிலேதான் பிள்ளை, பாய் போட்டு."

"அப்ப எனக்கும் அங்கேயே போடுங்க."

எம் மனைவியார் பாயை விரித்து, வலையைக் கட்டி, அருகில் தாமும் ஒரு பாயில் படுத்துக்கொண்டார். இருவரும் பேசிக்கொண்டிருந்த ஒலி நள்ளிரவுக்குப் பின்னும் கேட்டது. ஒரு கிழமைக்கென வந்தவள் மூன்று கிழமை தங்கினாள். போகும்போது வீட்டின் சாவியொன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். "விக்க வேணாம் சிற்றப்பா. அடுத்த வருசம் அம்மாவையும் கூட்டிவாறன். அதுவரைக்கும் ஆக்கள் வரட்டும்" என்றாள்.

ஆதலின் வீடு இருக்கின்றது, ஆட்களும் வருகின்றனர். விருந்தினர்க்கென வீடு அமைக்க விரும்பும் அன்பர்களுக்கு எம் அனுபவம் சொல்வது இதுவே: தொலைவிலிருந்து வருபவர் தம் வீட்டில் உள்ளவற்றை மீண்டும் காண வருவதில்லை. உங்கள் ஊர்க் கைகள் செய்தவற்றை முதலில் வையுங்கள். குறைவதை மட்டும் கடையில் வாங்குங்கள்.

மருகியின் முடிவை அன்றிரவே யாழ்ப்பாணத்திலுள்ள எம் அன்னையாருக்குத் தொலைபேசியில் தெரிவித்தோம். ஒரு கிழமைக்கு வந்த பிள்ளை மூன்று கிழமை இருந்த செய்தியைக் கேட்டுச் சற்றுநேரம் பேசாதிருந்த அவர், "பாயிலையே படுத்தவள்?" என்று வினவினார். ஆம் என்றோம்.

"நான் அப்பவே சொன்னனான்" என்றார்.